துப்பாக்கிக்குள் ஒரு குழாய்

பொட்டலம் தபால் பெட்டிக்குள் நுழையாததால் தபால்காரி அதை வேலிக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கை நீளத்துக்கு ஒல்லியான அட்டைக் குழல். வெர்லின் ஸ்டிடம் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றான். ஏற்றம் அப்படியொன்றும் செங்குத்தில்லை. இருபத்தேழு வருஷம் சுரங்கத்தில் விழுங்கிய தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு இருபது அடிக்கும் ஒரு தரம் அவனை நிற்கச் சொன்னது.

அடுக்களையில் டெல்ஃபியா வெந்நீர் வாளிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். இல்லத்துச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"என்ன வந்திருக்கு?"

"குழாய்."

"தொட்டிக்கு அடியில ஒழுகுதே, அதுக்கா?"

"துப்பாக்கிக்கு."

"அதானே பார்த்தேன். வீட்டுக்கு உபயோகமா எதையாவது வரவழைச்சுட்டியோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

 வெர்லின் அட்டையைக் கிழித்து, எண்ணெய்த் தாளை உரித்து, குழாயை வெளியே எடுத்தான். சன்னமான எஃகுக் குழாய். அவனுடைய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குள் இதைச் செருகிவிட்டால், கட்டை விரல் தடிமன் தோட்டா போகிற இடத்தில் கைத்துப்பாக்கித் தோட்டா போகும். சத்தம் பாதி. தோளில் விழும் உதை பாதியும் இருக்காது. அந்த உதைக்காகத்தான் இத்தனையும்.

நாளைக்குச் சனிக்கிழமை. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்து வருகிற முதல் குளிரில், டாக்வுட் ஓடை என்கிற அந்த மலைக்கிராமத்துக்காரர்கள் பன்றி அடிப்பார்கள். டெல்ஃபியாவின் தம்பி டென்ஸில் வீட்டுக் களத்தில்தான் எப்போதும். ஐந்து பன்றி, நான்கு குடும்பத்துக்கு. சுடுகிறவன் வெர்லின். முப்பது வருஷமாக அவன்தான். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதுக்குக் கோடு போட்டால் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஒரே குண்டு, பன்றி முனகாமல் மடங்கி உட்காரும்.

அதற்கென்று ஒரு சின்ன ரைஃபிள் வைத்திருந்தான். அது போய் இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா மகன் டெரிக், இவன் வீட்டில் இவன் சோற்றைத் தின்று வளர்ந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்து அதை எடுத்துப்போய் போதை மாத்திரைக்கு விற்றுவிட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டு விஷயம். ஓடை நெடுக ஒன்பது வீட்டில் நுழைந்து, கிடைத்த துப்பாக்கியை எல்லாம் வழித்துக்கொண்டு போனான். டென்ஸிலின் ரைஃபிளும் அதில் ஒன்று. டெரிக் இப்போது ஜெயிலில் இருக்கிறான். வெர்லின் ஓடையில் இருக்கிறான். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒரு துப்பாக்கி இரவல் கொடு என்று எந்த வீட்டு வாசலிலும் போய்க் கேட்கிற வாய் அவனுக்கு அன்றோடு அடைத்துப் போயிற்று.

மிஞ்சியது கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பாவின் ஒற்றைக்குழல். துருவைப் பார்த்து டெரிக்கே வேண்டாமென்று விட்டுப்போனது. போன வருஷம் அதை வைத்துத்தான் சுட்டான். சுரங்கத்தில் அவன் வலது தோளில் பாறை விழுந்து மூன்று தகடும் ஒன்பது திருகும் வைத்திருக்கிறார்கள். விசையை அழுத்துவதற்கு முன்பே உடம்பு உதையை நினைத்துச் சுருங்கிவிட்டது. குண்டு தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. பன்றி அலறிக்கொண்டே பட்டியைச் சுற்றி, பலகையை உடைத்து, ஓடைக்குள் இறங்கி ஓடியது. டென்ஸில் பின்னாலேயே ஓடிக் கத்தியால் முடித்தான். பயந்து ஓடிச் செத்த இறைச்சி, கறுத்துப் போயிற்று. அதைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வாரம் டென்ஸில் போன் பண்ணினான். "மச்சான், என் மருமகன் ஒஹையோவிலேர்ந்து வர்றான். க்ளிண்ட். புது ரைஃபிள் வாங்கியிருக்கானாம். இந்தத் தடவை அவனே சுடட்டுமே. நீங்க நெருப்புகிட்ட உக்காந்து காபி குடிச்சுட்டு இருங்க."

"நெருப்புகிட்ட உக்கார நான் பூனையா? நான்தான் சுடுவேன்."

"சரி மச்சான், உங்க இஷ்டம்" என்று உடனே சொன்னான் டென்ஸில். அவ்வளவு சீக்கிரம் சொன்னதுதான் வெர்லினுக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே துப்பாக்கிச் சாமான் விற்கிற புத்தகத்தில் பார்த்து இந்தக் குழாய்க்கு எழுதிப்போட்டான். தோட்டா இருந்தது. நிலக்கரி ஏற்றுகிற யார்டில் காவல் வேலை பார்த்துச் செத்துப்போன தம்பி ஆர்லிஸ் ஒரு காபி டப்பா நிறைய விட்டுப் போயிருந்தான்.

"நாளைக்குக் காலையில பன்னி. இன்னைக்கு மத்தியானம் குழாய்" என்றாள் டெல்ஃபியா. "க்ளிண்ட்கிட்ட விட்டுடேன். உனக்கென்ன, மெடலா குடுக்கப் போறாங்க?"

"அவன் கிடங்குல பெட்டி அடுக்குறவன். பன்னிக்குத் தலை எது வால் எதுன்னு அவனுக்கு யார் சொல்றது?"

"சத்தம் போடுற பக்கம் தலை. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வெர்லின் துப்பாக்கியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான்.

துப்பாக்கியை மடக்கித் திறந்து, பின்பக்கமாகக் குழாயைச் செருகிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போனது. போனது மட்டுமில்லை, உள்ளே கடகடவென்று ஆடியது. அப்பாவின் குழல் அறுபது வருஷம் தேய்ந்து அகன்றிருந்தது. கூட வந்த தாளில், ஆடினால் அளவெடுத்து எழுதுங்கள், வேறு வளையம் அனுப்புகிறோம், அதுவரை பயன்படுத்த வேண்டாம் என்று போட்டிருந்தது. வெர்லின் அதை ஒரு முறை படித்துவிட்டு மடித்து ஆணி டப்பாவுக்கு அடியில் வைத்தான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ரெசின் குச்சிகள் இருந்தன.

அந்த ஓடையில் ரெசின் இல்லாத வீடு கிடையாது. சுரங்கத்தில் கூரைக்கு போல்ட் அடிக்கிறவன் எவனும் சாப்பாட்டுத் தூக்குக்குள் இரண்டு குச்சி போட்டுக்கொள்ளாமல் மேலே ஏறி வந்ததில்லை. சாசேஜ் மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு விதமான பசை, நடுவில் ஒரு தடுப்பு. கூரைப் பாறையில் துளை போட்டு, குச்சியை உள்ளே ஏற்றி, போல்ட்டைச் சுழற்றி மேலே செலுத்தினால் உறை கிழிந்து இரண்டும் கலக்கும். கலந்தால் கல். வராந்தாத் தூண், வேலிக்கம்பம், ஊஞ்சல் கொக்கி, கக்கூஸ் பீங்கான் வரைக்கும் அந்த ஓடையில் ரெசினில்தான் நின்றது. ஒரு மலையையே தலைக்கு மேலே பிடித்து வைத்திருந்த பசை, இந்த ஆடுகிற குழாயைப் பிடிக்காதா? வெர்லினுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ரெசின் குச்சியைக் கீறி, பலகையில் பிதுக்கி, இரண்டு பசையையும் ஒரு ஆணியால் குழைத்தான். பழைய வாடை மூக்கில் ஏறியது. குழாயின் மேல் பூசி, துப்பாக்கியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகச் செருகி அழுத்தினான். பாதி போனது. முக்கால் போனது. அப்புறம் கைக்குக் கீழே பிடிப்பு ஏறுவது தெரிந்தது.

அந்த நொடியில் வெளியே இழுத்திருந்தால் வந்திருக்கும். தச்சனோ பெயின்டரோ வேறு எவனோவாக இருந்திருந்தால் இழுத்திருப்பான். வெர்லின் இழுக்கவில்லை. பிடிப்பு ஏறுகிறது என்று தெரிந்ததும் அவன் உடம்பு தானாகவே அசைவை நிறுத்திற்று. முதுகு விறைத்தது. இரண்டு கையும் குழாயை அழுத்தியபடி நின்றன. வாய் மெதுவாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. போல்ட் அடிக்கிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதும் கடைசி நாள் வரைக்கும் மறக்காததும் இது ஒன்றுதான். ரெசின் பிடிக்கும்போது அசையாதே. அசைத்தால் பிடிப்பு போச்சு, பிடிப்பு போனால் கூரை போச்சு, கூரை போனால் நீ. ஒரு ஷிப்டுக்கு இருநூறு முறை, இருபத்தேழு வருஷம் அப்படி நின்ற உடம்பு. பத்து எண்ணி முடித்துக் கையை எடுத்தான்.

எடுத்த பிறகுதான் பார்த்தான். குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

இழுத்தான். சுத்தியலால் தட்டினான். மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் பிடித்து, இடது தோளைக் கொடுத்து முறுக்கினான். வைஸ்தான் மேஜையிலிருந்து பெயர்ந்து வந்தது. துப்பாக்கி முறிந்த கை மாதிரி மடங்கியே கிடந்தது. மூட முடியவில்லை. மூடாத துப்பாக்கி சுடாது.

வெர்லின் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் மூச்சு வேண்டியிருக்கிறது.

ஹோபர்ட் நோபிள் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியவன். சுரங்கம் மூடினபோது அந்த லேத்தையே வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் வெர்லின் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவந்ததை ஹோபர்ட் பிரித்துப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடியும் பார்த்தான்.

"இது என்னடா, துப்பாக்கிக்குக் கூரை போல்ட் அடிச்சிருக்கே."

"ஆடிச்சு. அதான்."

"எந்தக் குச்சி? மெதுவாப் பிடிக்கிறதா, வேகமாவா?"

"வேகம்."

"வேகம்தான். ஒரு போல்ட்டாவது இருபது செகண்ட் காத்திருந்து அடிச்சிருக்கியா உன் ஜென்மத்துல? சரி, பிடிக்க ஆரம்பிச்சதும் வெளிய இழுக்க வேண்டியதுதானே?"

வெர்லின் சாக்குப்பையை மடித்தான். ஹோபர்ட் அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது.

"பிடிச்சுக்கிட்டு நின்னியா?"

"நின்னேன்."

"எண்ணினியா?"

"பத்து வரைக்கும்."

ஹோபர்ட் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. லேத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான், துப்பினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நானும் நின்னிருப்பேன்" என்றான் கடைசியில். "போல்ட் அடிக்கிறவன்கூட ஒரு வருஷம் இருந்திருக்கேன், நானே நின்னிருப்பேன்."

பிறகு அதை எடுக்கப் பார்த்தான். முன்பக்கத்தில் கம்பி கொடுத்து அடித்தான். சூடு காட்டினான். அழுத்தும் எந்திரத்தில் வைத்து நெருக்கினான். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. வெர்லின் எட்டிப் பார்த்தான். நொறுங்கினது ரெசின்தான், ஆனால் முனையில் மட்டும். குழாய் நகரவில்லை. நடுவில் துப்பாக்கிக் குழல்தான் லேசாகப் புடைத்திருந்தது.

"போச்சு" என்றான் ஹோபர்ட். எந்திரத்தைத் தளர்த்தினான். "இதுக்கு மேல நெருக்கினா வெடிச்சிரும். உங்கப்பாவோடதா?"

"அவருதுதான்."

"நீட்டிக்கிட்டு இருக்கிறதை அறுத்துடலாம். ஆனா தோட்டா உக்கார்ற இடமே அந்த நுனியிலதான் இருக்கு. அறுத்தா அது கொடிக்கம்பத்துக்குத்தான் ஆகும்."

"அறுக்காம?"

"அறுக்காம மூடாது. என்னைப் போட்டுக் கேக்குறே, உனக்கே தெரியும். அதோட இந்த ரெசினு இழுத்தா மலையைத் தாங்கும், அதிர்ந்தா பொடிஞ்சுரும். கூரை அதிர்ந்து போல்ட்டு உதிர்றதை நீ பாக்காததா?"

பார்த்திருக்கிறான். வலது தோளுக்கு அது இன்னும் ஞாபகமிருந்தது.

கொட்டகையின் மூலையில் ஒரு இரும்பு அலமாரி நின்றது. பெரிய பூட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பூட்டும் கிடையாது, அலமாரியும் கிடையாது, சுவரில் ஆணியில் துப்பாக்கிகள் தொங்கும். வெர்லின் அந்தப் பூட்டைப் பார்த்தான். அவன் பார்த்ததை ஹோபர்ட் பார்த்தான். ஹோபர்ட்டின் கை பேண்ட் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தைத் தொட்டது. சாவி சத்தம் கேட்டது. கை வெளியே வரவில்லை.

வெர்லின் இரவல் கேட்கவில்லை.  சாக்குப்பையை மறுபடியும் சுற்றி இடுக்கிக்கொண்டு, "வரேன்" என்றான் வெர்லின்.

"நாளைக்கு நானும் வருவேன், பன்னி மயிர் சுரண்ட" என்றான் ஹோபர்ட். "நான் வாயத் திறக்க மாட்டேன்."

வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. டெல்ஃபியா சாக்குப்பையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், தட்டை நகர்த்தி வைத்தாள். குழாயைப் பற்றி அவள் கேட்காதது வெர்லினுக்கு உபகாரமாகத்தான் இருந்தது. பாதி சாப்பாட்டில், "தோளு வலிக்குதுன்னு சொல்லிடு" என்றாள். "பொய்யும் இல்ல."

காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. டென்ஸில் களத்தில் ஏழெட்டுப் பேர் நெருப்பைச் சுற்றி நின்றார்கள். நெருப்போரம் சாய்த்து வைத்த பீப்பாயில், பன்றியை முக்கி மயிரை இளக்குவதற்கான தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் சுரங்கத்துக்காரர்கள். இப்போது ஒருத்தனும் சுரங்கத்தில் இல்லை. க்ளிண்ட் மட்டும் புது ஜாக்கெட்டும் சுத்தமான பூட்ஸுமாகத் தள்ளி நின்றான். ரைஃபிள் உறைக்குள் இருந்தது.

"வாங்க மச்சான்" என்றான் டென்ஸில். வெர்லினின் கையைப் பார்த்தான். கை வெறுமையாக இருந்தது. "துப்பாக்கி வண்டியில இருக்கா?"

தோள் வலி என்று சொல்ல வாயைத் திறந்தான். முன்னால் நின்ற முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். அதில் நாலு பேர் வீட்டில் டெரிக் புகுந்திருக்கிறான். இன்னொரு பொய்யைச் சுமந்துகொண்டு சாயங்காலம் வரைக்கும் இவர்கள் நடுவில் நிற்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

"வீட்டுல கிடக்கு. உள்ள குழாய் போட்டேன். ஆடிச்சு. ரெசின் வெச்சேன்."

 டென்ஸில் நிதானமாகக் கேட்டான்: "பாதியில பிடிச்சுக்கிச்சா?"

"முக்கால்ல."

"பிடிச்சதும்...?"

"நின்னேன்டா. எண்ணினேன். போதுமா?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. களமே சிரித்தது, களமே இருமியது. ஒருத்தன் நெருப்பில் துப்பினான். "கூரை நிக்குதா மச்சான்?" என்றான் டென்ஸில். "சுரங்க இன்ஸ்பெக்டரை வரச் சொல்லவா?" ஹோபர்ட் மட்டும் ரொம்ப மும்முரமாகக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். என்ன சிரிப்பு என்று புரியாமல் க்ளிண்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வெர்லினோடு வந்திருந்த டெல்ஃபியா அவனிடம், "உனக்குப் புரியாதுப்பா. புரியாம இருக்கிறதே நல்லது" என்றாள்.

க்ளிண்ட் சுட்டான். முதல் பன்றி, ஒரே குண்டு. சத்தமில்லாமல் மடங்கி உட்கார்ந்தது. வெர்லின் பட்டிப் பலகைக்கு வெளியே நின்று பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்றிக்கு நல்லதுதான் என்று நினைத்தான், அதை நிஜமாகவே நினைத்தான். டென்ஸில் உள்ளே குதித்துக் கழுத்தில் கத்தி இறக்கினான்.

ஆளாளுக்கு வேலை இருந்தது. இழுக்கிறவன், தூக்கிக் கட்டுகிறவன், சுரண்டுகிறவன். வெர்லின் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றான். நெருப்பருகே யாரோ அவனுக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

"மச்சான்" என்று கூப்பிட்டான் டென்ஸில், கையெல்லாம் ரத்தமாக. "தண்ணி பாருங்க."

தண்ணீர் பார்ப்பது சின்ன வேலை இல்லை. விரலை மூன்று தரம் வேகமாகத் தண்ணீரில் இழுக்க வேண்டும். இரண்டு தரம் பொறுத்து மூன்றாவது தரம் பொறுக்க முடியாவிட்டால் அது பதம். மூன்றாவதும் பொறுத்தால் மயிர் வராது. முதலிலேயே சுட்டால் மயிர் தோலோடு வெந்து இறுகிக்கொள்ளும், அப்புறம் நாள் முழுக்கச் சுரண்டினாலும் வராது. ஐந்து பன்றியும் கெட்டுப்போகும்.

வெர்லின் பீப்பாய்க்குப் போய்க் கையை நீட்டினான். ஒரு தரம் இழுத்தான். இரண்டாவது. மூன்றாவது. ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். விரல் நுனி மூன்றும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. துளை போடும் எந்திரம் அதிர அதிரப் பிடித்த கை, குளிர்காலம் வந்தால் இப்படித்தான், கத்தி கீறினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆவி முகத்தில் அடித்தது. சூடு அதிகமா, போதவில்லையா? குத்துமதிப்பாக ஒன்று சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும்.

பன்றியை இரண்டு பேர் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "என்ன மச்சான்? கை விட்டுப் போகுது இங்க" என்றான் டென்ஸில்.

"டெல்ஃபியா" என்றான் வெர்லின், பக்கத்தில் வாளி தூக்கிக்கொண்டு போனவளிடம், உரக்க இல்லை. "இங்க வா. விரலை விடு."

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். முந்தைய நாள் காலையெல்லாம் இல்லத்துக் கிழவர்களின் படுக்கை விரிப்பை உருவிப் போட்டுச் சிவந்துபோன விரலைத் தண்ணீரில் இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் வெடுக்கென்று எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரியா?"

"சரியா இருக்கு." விரலை வாயிலிருந்து எடுத்து உதறினாள். "அடுத்த பன்னிக்கும் நானேதான் விடணுமா?"

"ஒவ்வொண்ணுக்கும் பார்க்கணும். ஆறிடும்."

"அப்போ அஞ்சுக்கும்."

"அஞ்சுக்கும்."

அவள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பீப்பாய் ஓரமாகவே நின்றாள். வெர்லின் நெருப்பிலிருந்து இரண்டு கட்டையைக் காலால் வெளியே தள்ளினான், தண்ணீர் மேலும் சூடேறாமல் இருக்க. பிறகு டென்ஸில் பக்கம் திரும்பி, கிடைத்த மூச்சில் சொன்னான்:

"கொண்டாங்கடா. தண்ணி சரி."